வெள்ளைக் கோடு

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நலம். உன் மனைவி நலமா என்று நீ கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்குச் சரியான பதில் தெரியாது.

போன் இருக்கும்போது எதற்குக் காகிதம் என்று நினைப்பாய். போனில் நீ "சரிம்மா, சரிம்மா" என்று இரண்டு தரம் சொன்னால் பேச்சு முடிந்துவிடுகிறது. காகிதத்தை அப்படி நடுவில் வெட்ட முடியாது. நீ வேலை பார்க்கிற ஊருக்குப் போகிற உங்கள் கம்பெனித் தபால் பையில் சேர்த்துவிட இங்கிருக்கிற ஆபீஸ்காரர் ஒப்புக்கொண்டார். நீ படிக்காமல் வைத்தாலும் அது உன் மேசையிலேயே இருக்கும்.

அன்று நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். ஆறு வருடத்துக்கு முன்னால் உன் மனைவிக்கு நான்காம் மாதத்தில் கரு கலைந்ததே, அதற்குப் பிறகு எதுவும் தங்கவில்லை என்பது உனக்குத் தெரியும். கொஞ்ச நாளாக அவளுக்கு அடிவயிற்றில் வலி. மருந்துக் கடை மாத்திரையிலேயே ஓட்டிக்கொண்டிருந்தாள். நான்தான் வற்புறுத்தி, மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கிற கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். அங்கே ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். ஆளுக்கொரு பெரிய பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டு, வயிறு முட்ட, காலைக் குறுக்கே போட்டுக்கொண்டு பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் இருந்தவள், "யாரும் ஜோக் சொல்லிடாதீங்கக்கா, புண்ணியமாப் போகும்" என்றாள். உன் மனைவி சிரித்து, சிரித்ததற்காக அவஸ்தைப்பட்டு, கடைசியில் உள்ளே போனாள். நானும் ஸ்கேன் திரைக்குப் பக்கத்தில் நின்றேன்.

திரையில் ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. கறுப்புப் பலகையில் சாக்பீஸால் இழுத்த மாதிரி. ஸ்கேன் எடுத்தவர் அதைப் பார்த்துவிட்டு, "காப்பர் டி எப்பம்மா போட்டீங்க?" என்று கேட்டார். இவள் போடவில்லை என்றாள். "சில பேர் போட்டுட்டு மறந்துடுவாங்க" என்று அவர் சொல்லிவிட்டு அடுத்தவளைக் கூப்பிட்டார்.

அப்பாவுக்குக் காப்பர் டி என்றால் என்னவென்று தெரியவில்லை. குழந்தை உண்டாகாமல் இருக்கக் கர்ப்பப்பைக்குள்ளே வைக்கிற சின்னப் பொருள் என்று சொன்னேன். உடனே செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். கர்ப்பப்பை என்ற சொல்லே அவர் வாயில் வராது. "அந்த விஷயம் என்னாச்சு" என்றுதான் கேட்பார். நான் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதையெல்லாம் படம் போட்டு நடத்தினவள். எனக்குக் கூச்சமில்லை. குழப்பம்தான் இருக்கிறது.

ஒன்றை நீ தெரிந்துகொள்ள வேண்டும். கிளினிக் வராந்தாவிலிருந்து உனக்குப் போன் செய்தபோது அவள் சிரித்துக்கொண்டேதான் செய்தாள். "ஏங்க, உள்ள காப்பர் டி இருக்காம், இந்தக் கூத்தக் கேட்டீங்களா" என்றாள். நீ சொன்னது எனக்குக் கேட்கவில்லை. அவள் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. லைன் போன பிறகும் போனைக் காதிலேயே வைத்திருந்தாள். ஆட்டோவில் வரும்போதுதான் சொன்னாள். நீ கேட்டது ஒரே கேள்வியாம்: "எப்ப வெச்சுக்கிட்ட?"

நானும் யோசித்துப் பார்த்துவிட்டேன். அவளாகவே வைத்துக்கொண்டிருக்கலாம். அல்லது, அன்று கரு கலைந்து சுத்தம் செய்தபோது அந்த ஆஸ்பத்திரியில் கேட்காமலே வைத்திருக்கலாம். அந்த இடத்தில் இப்போது மரச்சாமான் கடை இருக்கிறது, போய்க் கேட்க ஆளில்லை. அல்லது ஸ்கேன்காரர் தப்பாகப் பார்த்திருக்கலாம். இந்த மூன்றில் எதை நினைத்தாலும் மற்ற இரண்டும் சும்மா இருக்க மாட்டேன் என்கின்றன.

வகுப்பில் பேனா காணாமல் போனால் நான் யாரையும் திட்ட மாட்டேன். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, உண்மையைச் சொன்னால் ஒன்றும் செய்ய மாட்டேன் என்பேன். பாதி நேரம் பேனா திரும்பி வந்துவிடும். அதே மாதிரி உன் மனைவியையும் பக்கத்தில் உட்காரவைத்து, "உண்மையச் சொல்லும்மா, நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்றேன். அன்பாகத்தான் கேட்டேன். அந்தப் பேனாக் கதை அவளுக்கும் தெரியும். "எடுக்காத பசங்களையும் இப்படித்தான் கேப்பீங்களா அத்தை?" என்றாள். பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போய்விட்டாள்.

அவள் கேட்டதற்கு என்ன அர்த்தம் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். நீ அவளுக்குப் போன் செய். சண்டை போடுவதாக இருந்தாலும் செய்.

நல்ல புத்தியும் உடல் நலமும் உனக்குக் கிடைக்கட்டும்.

எதுவும் விளங்காத,
உன் அம்மா

*

அன்புள்ள மகனுக்கு,

உன் பதில் வந்தது. ஒரே வரி. "ஸ்கேன் பொய் சொல்லாதும்மா, அவளையே கேளுங்க." அதற்காக ஒரு முழுத் தாளை வீணாக்கியிருக்கிறாய்.

உன் அக்காவும் கூப்பிட்டாள். "ஆறு வருஷமா எல்லாரையும் நல்லா சுத்தல்ல விட்டிருக்காம்மா உன் மருமக" என்றாள். நீதான் சொல்லியிருக்கிறாய். பெண்டாட்டியிடம் பேச நேரமில்லை, அக்காவிடம் பேச நேரமிருக்கிறது. பாலை அடுப்பில் வைத்திருக்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றுமில்லை.

இப்போது நடந்ததைக் கேள். அந்தக் கிளினிக் டாக்டர், "இதென்ன பெரிய விஷயம், நூலைப் பிடிச்சு இழுத்தா வந்துடும்" என்று சொல்லி வரச்சொன்னார். காப்பர் டி என்றால் கீழே நூல் தொங்குமாம். தேடினார், தேடினார், நூலே இல்லை. பிறகு இடுக்கி மாதிரி ஒன்றை உள்ளே விட்டுப் பார்த்தார். உன் மனைவி என் கையைப் பிடித்திருந்தாள். கத்தவில்லை. என் மோதிர விரலில் அவள் நகம் பதிந்த இடம் இன்னும் கன்றிப்போய் இருக்கிறது. ஒன்றும் வரவில்லை. "சதைக்குள்ள புதைஞ்சிருக்கு போல, எக்ஸ்ரே எடுத்துட்டு வாங்க" என்று அனுப்பினார்.

எக்ஸ்ரேயில் உலோகம் தப்பாது. மரக்கட்டைக்குள் இருக்கிற ஆணி மாதிரி பளிச்சென்று தெரிய வேண்டும். எக்ஸ்ரேக்காரர் படத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, திருப்பிப் பிடித்து, "காப்பர் டி எதுவும் இல்லியேம்மா" என்றார். இடுப்பெலும்புகளுக்கு நடுவில் திருநீறு இழுவின மாதிரி ஒரு மங்கல் இருந்தது. அது என்னவென்று அவருக்கும் தெரியவில்லை. கிளினிக் டாக்டரிடம் கொண்டுபோனால், அவர் எங்களைப் பார்த்து, "அப்ப அது என்ன?" என்கிறார். பரீட்சை எழுத வந்த பிள்ளையிடம் வாத்தியாரே விடை கேட்ட கதைதான்.

திரும்பும்போது உன் மனைவி, "காப்பர் டி இல்லன்னு சந்தோஷப்படறதா, வேற என்னமோ இருக்குன்னு பயப்படறதா, சொல்லுங்க அத்தை" என்று கேட்டாள். கேட்ட கேள்விக்குப் பதில் இல்லாமல் நான் நின்றது என் வேலைக் காலத்தில் அபூர்வம். இந்த வீட்டில் இப்போது தினமும் நிற்கிறேன்.

உன் வேலையை வைத்தே உனக்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். குழாய்களை வெல்டிங் செய்து பற்றவைத்த இடத்தில் நீ ஒலியைச் செலுத்திப் பார்க்கிறாய். உள்ளே ஏதாவது இருந்தால் ஒலி திரும்பி வருகிறது, திரையில் கோடு எழும்புகிறது. அங்கே ஒன்று இருக்கிறது என்றுதானே அந்தக் கோடு சொல்லும்? அது கசடா, விரிசலா, காற்றுக் குமிழா என்று பெயர் வைப்பது நீதானே? போன விடுமுறையில் நீயே சொன்னாய், விரிசல் என்று எழுதிக் கொடுத்த இணைப்பை வெட்டிப் பார்த்தால் வேறென்னவோ இருந்தது, எல்லோரும் கேலி செய்தார்கள் என்று. இவள் வயிற்றில் பார்த்ததும் ஒலிதான். ஸ்கேன் பொய் சொல்லவில்லை. அது சொன்னதற்குப் பெயர் வைத்தவர் ஒருவர், அந்தப் பெயரை அப்படியே பிடித்துக்கொண்டவன் நீ. இரும்புக் குழாய்க்குக் கொடுத்த இரண்டாவது சோதனையை அவளுக்கு நீ கொடுக்கவில்லை.

எனக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

அவள் இப்போதும் என்னை அத்தை என்றுதான் கூப்பிடுகிறாள். மரியாதையில் குறையில்லை. ஆனால் முன்பெல்லாம் சாயங்காலம் வந்ததும் கடைக் கதை சொல்வாள், ஞாபகமிருக்கிறதா? கண்ணாடி வாங்க வந்துவிட்டு, பழைய கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டே அதைத் தேடினவர் கதையை எத்தனை தரம் நடித்துக் காட்டியிருக்கிறாள். இப்போது வந்ததும் முகம் கழுவிவிட்டுத் துணி மடிக்கிறாள். மடித்ததையே திரும்பவும் மடிக்கிறாள்.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே இருக்கிற டாக்டரம்மாவுக்குக் கரகரத்த குரல், தலையெல்லாம் நரை. ஸ்கேனையும் எக்ஸ்ரேயையும் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். உன் மனைவியிடம்தான் பேசினார். கலைந்தது எத்தனையாவது மாதம், சுத்தம் செய்தார்களா, பிறகு காய்ச்சல் வந்ததா, மாதவிலக்கு எப்படி இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இவள் சொல்லச் சொல்லத் தலையாட்டினார். கடைசியில், "நீ எதையும் வெச்சுக்கலம்மா, தெரியுது. எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு, உள்ள பார்த்துட்டுச் சொல்றேன்" என்றார். உன் மனைவி அங்கேயே அழுதுவிட்டாள். இத்தனை நாளில் அவளை நம்பிப் பேசின முதல் ஆள் முன்பின் தெரியாத ஒருத்தி.

வயிற்றைக் கிழிக்க மாட்டார்களாம். மயக்கம் கொடுத்து, கீழ்வழியாகவே கேமரா வைத்த மெல்லிய குழாயை விட்டுப் பார்ப்பார்களாம். எடுக்க வேண்டியதை அப்படியே எடுத்தும் விடுவார்களாம். அடுத்த வாரம் தேதி கொடுத்திருக்கிறார்கள். கையெழுத்துப் போட வீட்டுக்காரர் எங்கே என்று நர்ஸ் கேட்டாள். வெளியூரில் இருக்கிறார் என்று உன் மனைவி சொல்லிவிட்டு, தானே போட்டாள்.

அன்றைக்காவது கூப்பிடு. நீ நன்றாக இரு.

உன் அம்மா

*

அன்புள்ள மகனுக்கு,

எலும்பு.

ஆமாம், எலும்புதான். நானும் உன்னை மாதிரித்தான் ரிப்போர்ட்டில் இந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கர்ப்பப்பையின் உள்சவ்வில் சின்னச் சின்னத் தகடுகளாக எலும்பு. டாக்டரம்மா தன் அறையில் படத்தைப் போட்டுக் காட்டினார். ரோஜா நிறச் சுவர், அதில் முட்டை ஓட்டை நொறுக்கிப் பதித்த மாதிரி வெள்ளைச் சில்லுகள். ஒவ்வொன்றாகப் பெயர்த்து எடுத்துவிட்டார். பரிசோதனைக் கூடத்திலிருந்தும் முடிவு வந்துவிட்டது. புற்றுநோய் கிடையாது, கெட்ட கட்டி எதுவும் கிடையாது. மறுபடி எடுத்த ஸ்கேனில் அந்த வெள்ளைக் கோடு இல்லை. "இத்தனை வருஷத்துல நானே கைவிரல் விட்டு எண்ற அளவுதான் பார்த்திருக்கேன். பார்க்காதவங்க காப்பர் டின்னுதான் நினைப்பாங்க" என்றார்.

எப்படி வந்தது என்று கேட்டேன். கரு கலைந்த பிறகு உள்ளே ஆறாத புண் மாதிரி இருந்து, அந்தச் சவ்வே வழிமாறி எலும்பாகிவிடுவது உண்டாம். உனக்குப் புரியவைக்க ஒரு உதாரணம் தேடுகிறேன், கிடைக்கவில்லை. வெந்நீர்ப் பாத்திரத்தில் உப்புப் படிகிற மாதிரி என்று எழுதி அடித்துவிட்டேன், அது வெளியிலிருந்து வந்து படிவது. மரத்தில் வெட்டுப்பட்ட இடம் முடிச்சாக இறுகுகிற மாதிரி என்று பார்த்தேன், முடிச்சும் மரம்தான். மெத்தென்று இருக்க வேண்டிய இடம் ஏன் எலும்பாக வேண்டும்? பாடத்தை நடத்தத் தெரியாத டீச்சராக நிற்கிறேன்.

ஆனால் டாக்டரம்மா சொன்ன ஒன்று நன்றாகவே புரிந்தது. அந்தச் சில்லுகள் உள்ளே இருந்துகொண்டு காப்பர் டி செய்கிற வேலையையேதான் செய்திருக்கின்றன. கருவை ஒட்டவிடாமல் தள்ளியிருக்கின்றன. நீ எந்தக் குற்றத்தை அவள் தலையில் போட்டாயோ, அதை அவள் உடம்பு அவளுக்கே தெரியாமல் அவளுக்குச் செய்திருக்கிறது. வலித்தது அவளுக்கு, பேச்சு வாங்கினதும் அவள்.

இனிக் குழந்தை தங்க வாய்ப்பு இருக்கிறது என்கிறார். இப்படி எடுத்த பிறகு பலருக்குத் தங்கியிருக்கிறதாம். உறுதி சொல்லவில்லை. இதை முதல் வரியிலேயே எழுதியிருந்தால் நீ மற்றதைப் படிக்காமல் துள்ளியிருப்பாய். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

அப்பா அன்று சாயங்காலம் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு அவளிடம் போனார். "அம்மாடி, கர்ப்பப்பைல எலும்பாமே" என்றார். அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டார். "நான் ஒரு நாளும் உன்னச் சந்தேகப்படலம்மா" என்றார். அவள், "நீங்க பேப்பர்தானே மாமா படிச்சுக்கிட்டு இருந்தீங்க" என்றாள். கொஞ்சம் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. மறுநாளும் பேப்பரைத் தொடவில்லை.

உன் செய்தி வந்தது. "அவகிட்ட ஸாரி சொல்லிடும்மா, வேலை முடிஞ்சதும் பேசறேன்" என்று என் போனுக்கு அனுப்பியிருக்கிறாய். நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். சந்தேகத்தை நேராக அவள் காதில் போட்டாய். மன்னிப்புக்கு மட்டும் ஆள் வைக்கிறாயா?

கண்ணாடிக் கடைக்கு மேலே ஒரு அறை காலியாக இருக்கிறது. அதைக் கேட்டிருக்கிறாள். கடைக்காரர் சம்மதித்துவிட்டார், இரண்டு நாளில் குடிபோகிறாள். நான் தடுக்கவில்லை. தலையணைக்குப் புது உறை தைத்துக் கொடுத்தேன். கோபமா என்று கேட்டேன். "கோபம் இல்ல அத்தை" என்றாள். உறையைப் பிரித்துப் பார்த்து, மடித்து வைத்துவிட்டு, "இருக்கு அத்தை. ஆனா உங்க மேல மட்டும் இல்ல" என்றாள். அந்த 'மட்டும்' எனக்கு நியாயமாகத்தான் பட்டது.

இன்னொன்று எழுத வேண்டும். எழுதலாமா என்றுதான் இரண்டு நாளாகப் பேனாவை மூடித் திறந்துகொண்டிருக்கிறேன்.

அறையை விட்டு வெளியே வருகிற நேரத்தில் அவள் திரும்பிப் போய் டாக்டரம்மாவிடம் கேட்டாள். "அந்த எலும்பு என்னோடதா, இல்ல எங்க குழந்தையோடதா?" டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினார். பார்த்த வரையில் அவள் சவ்வே மாறினதாகத்தான் தெரிகிறது என்றார். அன்று சுத்தம் செய்தபோது ஏதாவது மிச்சம் தங்கி, அதுவாக இருக்கவும் சிறிது வாய்ப்புண்டு, மரபணு பார்த்தால்தான் தீர்மானமாகச் சொல்லலாம் என்றார். எதுவாக இருந்தாலும் வைத்தியத்தில் மாற்றமில்லை, அதனால் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லையாம். வேண்டுமென்றால் பார்க்கலாம், துண்டுகள் பரிசோதனைக் கூடத்தில் கொஞ்ச காலம் இருக்கும், யோசித்துச் சொல் என்றார்.

படிக்கட்டில் இறங்கும்போது உன் மனைவி பாதியில் நின்றாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், "இதையும் நான் தனியாத்தான் முடிவு பண்ணணுமா அத்தை?" என்று கேட்டாள். மேலே ஏறுகிறவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். நான் அவள் பையை வாங்கிக்கொண்டேன். அதுதான் எனக்குச் செய்யத் தெரிந்தது.

பார்க்கலாமா வேண்டாமா என்று எனக்கும் தெரியவில்லை. ஒரு நேரம், தெரிந்துகொண்டால் அவள் மனம் அடங்கும் என்று தோன்றுகிறது. இன்னொரு நேரம், ஆறு வருடமாகச் சுமந்தேனா என்று அவள் உட்கார்ந்து யோசிப்பாளே என்று பயமாக இருக்கிறது. அந்தக் குழந்தைக்கு நீ வாங்கிவைத்த சின்னக் காலுறை உன் அலமாரியில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நான் எடுத்ததில்லை. அவளும் எடுத்ததில்லை. இது பாட்டியோ டாக்டரோ விடை சொல்கிற கேள்வியில்லை மகனே. முடிவு செய்ய வேண்டியவர்கள் நீங்கள் இரண்டு பேர்தான்.

இப்போது எழுதிக்கொண்டிருக்கும்போது அவள் இந்தப் பக்கம் வந்தாள். யாருக்கு என்று கேட்கவில்லை, தெரியும். "எனக்காக எதுவும் எழுதாதீங்க அத்தை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். நான் எழுதியதை முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். அவளுக்காக ஒன்றும் கேட்கவில்லை. பார்த்ததையும் கேட்டதையும்தான் எழுதியிருக்கிறேன்.

இனி எனக்காக ஒன்று கேட்கிறேன். வா. வேலை முடியட்டும் என்று பார்க்காதே. முதலில் இந்த வீட்டுக்கு வராதே, கண்ணாடிக் கடைக்குப் போ. பக்கத்துப் படிக்கட்டு வழியாக ஏறினால் மேலே ஒரே ஒரு கதவு. அவள் திறப்பாளா என்று எனக்குத் தெரியாது. திறக்காவிட்டாலும் கொஞ்ச நேரம் அங்கேயே நில். நான் சொல்லிக்கொடுத்த எதையும் சொல்லாதே.

பத்திரமாக வந்து சேர். இரண்டு பேரும் நன்றாக இருங்கள் என்று எழுதத்தான் ஆசை. இப்போதைக்கு, நீ நன்றாக இரு, அவளும் நன்றாக இருக்கட்டும்.

உன் அம்மா